ஆக்கி மன்னர் தியான் சந்த்: மட்டை மாறியது, மண்ணும் மாறியது!

சங்கரன்கோவில் என்றதும் கோமதி அம்மனும் ஆடித்தபசும் நினைவுக்கு வரும். அடுத்து நினைவுக்கு வருவது தறி. விசைத்தறியின் ஓசை அந்த ஊரின் பல தெருக்களில் கேட்கும்.

ஒரு காலத்தில் அங்கே கைத்தறிதான். பிறகு விசைத்தறி வந்தது. துணி பெருகியது, வேலை விரைந்தது. ஆனால் எல்லோராலும் விசைத்தறி வாங்க முடிந்ததா? பணம் இருந்தவர் வாங்கினார். இல்லாதவர் கூலிக்குப் போனார். கருவி மாறினால் பிழைப்பும் மாறும் என்பதை நெசவாளர் வீடுகளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

விளையாட்டும் அப்படித்தான். மட்டை மாறினால் ஆட்டம் மாறும். தரை மாறினால் ஆடுகிறவர்களே மாறிப் போவார்கள். இதற்குச் சாட்சி சொல்லும் வாழ்க்கை ஒன்று உண்டு. சாதாரண மர மட்டையைக் கையில் பிடித்து, புல் தரையில் ஆடி, உலகத்தையே வென்றவர் அவர். அவர் கண் முன்னாலேயே அந்தப் புல் தரை மறைந்தது.

அவர்தான் ஆக்கி மன்னர் தியான் சந்த்.

பட்டாளத்து வீட்டுப் பிள்ளை

1905-ம் ஆண்டு ஆகஸ்டு 29-ந் தேதி அலகாபாத்தில் தியான் சந்த் பிறந்தார். அந்த ஊருக்கு இப்போது பிரயாக்ராஜ் என்று பெயர். பெற்றோர் அவருக்கு வைத்த பெயர் தியான் சிங்.

தந்தை வெள்ளைக்காரர் பட்டாளத்தில் சிப்பாய். அவரும் பட்டாளத்தில் ஆக்கி ஆடியவர். பட்டாளத்துக்காரர் வீடு ஓரிடத்தில் நிலைக்குமா? அடிக்கடி ஊர் மாற்றம். அதனால் பிள்ளையின் படிப்பு ஆறாம் வகுப்போடு நின்று விட்டது. கடைசியில் குடும்பம் ஜான்சி நகரில் குடியேறியது.

சிறு வயதில் அவருக்கு ஆக்கியில் பெரிய ஆசை இல்லை. குஸ்தி என்றால்தான் உயிர். எப்போதாவது தெருப் பையன்களோடு சேர்ந்து ஆடுவார். மரக்கிளையை வெட்டி மட்டையாக்குவார்கள், கிழிந்த துணியைச் சுருட்டிப் பந்தாக்குவார்கள் என்று கூறுவர். காலணா செலவில்லாத ஆட்டம்!

1922-ம் ஆண்டு, 17 வயது நிறைந்ததும், அவர் பட்டாளத்தில் சிப்பாயாகச் சேர்ந்தார். அங்கேதான் அவருடைய தலையெழுத்து மாறியது. அந்தப் படைப்பிரிவில் சுபேதார் மேஜராக இருந்த பாலே திவாரி ஆக்கிப் பித்தர். இளம் சிப்பாயின் கையில் இருந்த திறமையை அவர் கண்டுகொண்டார். மட்டை பிடிக்கும் முறையையும், பந்தைத் தோழர்களுக்குத் தள்ளிக் கொடுத்து ஆடும் முறையையும் கற்றுக் கொடுத்தார்.

பகலெல்லாம் பட்டாள வேலை. பயிற்சிக்கு நேரம் ஏது? வேலை முடிந்து, நிலா எழுந்த பிறகு அந்த வெளிச்சத்தில் தனியாகப் பந்தை அடித்துப் பழகுவாராம். சந்திரனுக்கு இந்தியில் சந்த் என்று பெயர். நிலவில் பழகியதால் தியான் சிங், தியான் சந்த் ஆனார் என்பது செவிவழிக் கதை. மின்விளக்கு மைதானம் இல்லாத காலத்தில் நிலவே அவருக்கு விளக்கு.

மட்டையில் மாயமா?

1926-ம் ஆண்டு இந்தியப் பட்டாள அணி நியூசிலாந்துக்குச் சென்றது. அந்த அணியில் தியான் சந்தும் ஒருவர். 21 ஆட்டங்களில் 18 வெற்றி, 2 சமநிலை, ஒரே ஒரு தோல்வி. திரும்பி வந்தபோது அவர் பெயர் நாடெங்கும் பரவியிருந்தது.

1928-ம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் நகரில் ஒலிம்பிக் பந்தயம். இந்தியா முதன்முறையாக ஆக்கி அணியை அனுப்பியது. தலைவர் ஜெய்பால் சிங். ஐந்து ஆட்டங்களில் இந்தியா போட்டது 29 கோல். வாங்கியது ஒன்றுகூட இல்லை! 29-ல் 14 கோல் தியான் சந்த் போட்டவை. இறுதி ஆட்டத்தின்போது அணியில் பலருக்கு உடல்நலம் இல்லை. தியான் சந்துக்கும் காய்ச்சல். ஆயினும் களத்தில் இறங்கினார். ஹாலந்து அணி 3-0 என்று தோற்றது. இந்தியாவுக்குத் தங்கப் பதக்கம்.

பந்து அவர் மட்டையை விட்டு விலகுவதே இல்லை. மட்டைக்குள் காந்தம் ஒளிந்திருக்கிறதோ என்று சந்தேகப்பட்டு, ஹாலந்துக்காரர்கள் அதை உடைத்துப் பார்த்தார்கள் என்று ஒரு கதை உண்டு. உள்ளே இருந்தது வெறும் மரம்தான்!

மாயம் அவர் கையில் இருந்தது. ஆனால் மட்டைக்கும் அதில் ஒரு பங்கு உண்டு.

ஆக்கியை நம் நாட்டுக்குக் கொண்டு வந்தவர்கள் ஆங்கிலேயர். அவர்களுடைய மட்டை ஆஷ் என்ற மரத்தால் ஆனது. அதை அதிகமாக வளைக்க முடியாது. ஆகவே மட்டையின் அடிப்பகுதி நீண்டு கிடக்கும். பந்தை ஓங்கி அடிக்க அது ஏற்றது. ஆனால் பந்தை இடமும் வலமும் உருட்டிக்கொண்டு ஓட அந்த நீண்ட அடி இடைஞ்சல்.

இந்தியாவில் மட்டை செய்தவர்கள் முசுக்கொட்டை மரத்தை எடுத்தார்கள். பட்டுப்பூச்சிக்கு இலை தரும் அதே மரம்தான். அது நன்றாக வளையும். அடிப்பகுதி குட்டையாக, இறுக்கமாக வளைந்தது. அந்த மட்டையைக் கையில் சுழற்றித் திருப்புவது எளிது. பந்தை இரண்டு பக்கமும் தட்டித் தட்டி எதிரியை ஏமாற்றலாம். மணிக்கட்டால் ஆடும் இந்திய ஆட்டத்துக்கு ஏற்ற கருவி அது.

இன்று பாகிஸ்தானில் உள்ள சியால்கோட் அந்தத் தொழிலுக்குப் பேர் போன ஊர். 1947-ம் ஆண்டுப் பிரிவினையில் அங்கிருந்து வந்த தொழிலாளர்கள் ஜலந்தரிலும் மீரட்டிலும் பட்டறை போட்டார்கள். உள்ளூர் மரம், உள்ளூர்த் தச்சர். ஆகவே விலையும் குறைவு. பள்ளிக்கூடம், பட்டாளம், ரெயில்வே, போலீஸ் எங்கும் ஆக்கி பரவியது. மட்டை மலிவாக இருந்ததும், ஆட வெறும் தரை போதும் என்பதும் அதற்கு முக்கியக் காரணங்கள்.

பெர்லினில் பெய்த மழை

1932-ம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக். இந்திய அணிக்குப் பணம் இல்லை. போகும் வழியிலும் வரும் வழியிலும் காட்சி ஆட்டங்கள் ஆடிச் செலவுக்குப் பணம் திரட்டினார்கள். அந்த ஒலிம்பிக்கில் அமெரிக்காவை இந்தியா 24-1 என்று வென்றது. தியான் சந்த் 8 கோல் போட்டார். அவருடைய தம்பி ரூப் சிங் போட்டது 10. அண்ணனை மிஞ்சிய தம்பி!

1935-ம் ஆண்டு மீண்டும் நியூசிலாந்துப் பயணம். அந்தப் பயணத்தில் இந்திய அணி போட்ட கோல்கள் 584. தியான் சந்த் பங்கு 201. அந்த அணியில் நம் தமிழ்நாட்டுக்காரர் ஒருவரும் இருந்தார். செங்கல்பட்டுப் பக்கம் மொறப்பாக்கத்தில் பிறந்த எம். ஜே. கோபாலன்தான் அவர். ஆக்கி, கிரிக்கெட் இரண்டிலும் இந்தியாவுக்கு ஆடியவர். மறு ஆண்டு ஒலிம்பிக் ஆக்கியா, இங்கிலாந்துக் கிரிக்கெட் பயணமா என்ற கேள்வி எழுந்தபோது அவர் கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார். அதனால் தங்கப் பதக்கம் அவர் கைக்கு வராமல் போனது.

1936-ம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக். இப்போது தியான் சந்தே அணித் தலைவர். தொடக்கமே சரியில்லை. பயிற்சி ஆட்டத்தில் ஜெர்மனியிடம் 4-1 என்று தோல்வி! அன்றிரவு அவருக்குத் தூக்கம் வந்திருக்குமா?

ஆனால் பந்தயம் தொடங்கியதும் இந்திய அணி நிமிர்ந்தது. இறுதி ஆட்டத்தில் மீண்டும் அதே ஜெர்மனி. முதல் நாள் மழையால் ஆட்டம் தள்ளிப் போய், ஆகஸ்டு 15-ந் தேதி நடந்தது. ஆடுவதற்கு முன் இந்திய வீரர்கள் தங்கள் அறையில் காங்கிரஸ் மூவர்ணக் கொடிக்கு வணக்கம் செலுத்தினார்கள். சரியாக 11 ஆண்டுகள் கழித்து அதே தேதியில் நாடு விடுதலை அடையும் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

தரை ஈரம். வழுக்கல். முதல் பாதியில் இந்தியாவுக்கு ஒரே ஒரு கோல்தான் கிடைத்தது. அடியில் ஆணி வைத்த காலணி தியான் சந்தின் ஓட்டத்தைத் தடுத்தது. இடைவேளைக்குப் பிறகு அவர் அதைக் கழற்றிப் போட்டு விட்டுக் களத்தில் இறங்கினார். பிறகு கோல் மழை! இந்தியா 8, ஜெர்மனி 1. மூன்றாவது முறையாகத் தங்கம்.

இந்த இடத்தைச் சற்றுக் கவனிக்க வேண்டும். ஆணிக் காலணி அந்த நாளில் நல்ல கருவி. ஆனால் அன்றைய தரைக்கு அது உதவவில்லை. கருவிக்காக ஆட்டத்தை விடவில்லை தியான் சந்த். ஆட்டத்துக்காகக் கருவியை விட்டார்.

உலகப் போர் வந்ததால் 1940-லும் 1944-லும் ஒலிம்பிக் நடக்கவில்லை. இல்லாவிட்டால் அவர் கழுத்தில் இன்னும் எத்தனை பதக்கங்கள் ஏறியிருக்குமோ! 1948-ம் ஆண்டோடு பெரிய ஆட்டங்களிலிருந்து அவர் விலகினார். 1952-ம் ஆண்டு அவருடைய வாழ்க்கை வரலாற்று நூல் நம் சென்னையில்தான் அச்சாகி வெளிவந்தது. 1956-ம் ஆண்டு மேஜர் பதவியோடு பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றார். அதே ஆண்டு பத்மபூஷண் விருது கிடைத்தது. பிறகு பாட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டுப் பயிற்சிக் கழகத்தில் ஆக்கிப் பயிற்சியாளராக இருந்தார்.

புல் போயிற்று!

1975-ம் ஆண்டு கோலாலம்பூரில் உலகக் கோப்பை நடந்தது. இறுதி ஆட்டத்தில் இந்தியா பாகிஸ்தானை 2-1 என்று வென்றது. வெற்றிக் கோலைப் போட்டவர் யார் தெரியுமா? தியான் சந்தின் மகன் அசோக் குமார்! தந்தைக்கு இதைவிட என்ன பெருமை வேண்டும்? அந்த ஆட்டம் நடந்தது புல் தரையில்.

அடுத்த ஆண்டே எல்லாம் மாறியது.

1976-ம் ஆண்டு மாண்ட்ரீல் ஒலிம்பிக்கில் முதன்முறையாகச் செயற்கைத் தரையில் ஆக்கி நடத்தினார்கள். செயற்கை இழையால் நெய்து கம்பளம் போல விரித்த தரை அது. அதில் மேடு இல்லை, பள்ளம் இல்லை. பந்து கோடு போட்டது போல நேராக ஓடும். புல்லில் ஓடுவதைவிட வேகமாகவும் ஓடும்.

புல் தரையில் பந்து துள்ளும், தயங்கும். அதை அடக்கி, மணிக்கட்டால் உருட்டி, ஆளை ஏமாற்றிப் போவதுதான் இந்தியர்களின் வித்தை. செயற்கைத் தரையில் அந்த வித்தைக்கு மதிப்புக் குறைந்தது. ஓட்டமும், உடல் வலுவும், நீண்ட அடியும் முன்னுக்கு வந்தன. ஐரோப்பியரும் ஆஸ்திரேலியரும் அதற்குத் தயாரானார்கள். இந்தியாவிலோ அப்போது அத்தகைய முழு மைதானம் ஒன்றுகூட இல்லை.

முடிவு என்ன? ஆஸ்திரேலியாவிடம் 6-1 என்று தோல்வி. இந்தியாவுக்கு 7-வது இடம். 1928-ம் ஆண்டு முதல் ஒவ்வொரு ஒலிம்பிக்கிலும் ஆக்கிப் பதக்கம் வாங்கிய நாடு, முதன்முறையாக வெறுங்கையோடு திரும்பியது. அந்த அணியில் அசோக் குமாரும் இருந்தார்.

தந்தை காலணியை மாற்றி வென்றார். மகன் காலத்தில் தரையே மாறி விட்டது. காலணியைக் கழற்றலாம், தரையைக் கழற்ற முடியுமா?

செயற்கைத் தரை மட்டுமே தோல்விக்குக் காரணம் என்று சொல்லி விட முடியாது. நிர்வாகக் குறைகளும் இருந்தன. பயிற்சியும் போதவில்லை. ஆனால் அந்தத் தரையால் ஏழை நாடுகளுக்கு வந்த இடைஞ்சல் பெரிது. ஒரு மைதானம் அமைக்கப் பல கோடி ரூபாய் வேண்டும். அதை நனைக்கத் தண்ணீர் வேண்டும். சில ஆண்டுகளில் தேய்ந்து போனால் மீண்டும் புதிதாக விரிக்க வேண்டும். பள்ளிக்கூடத்து மண் தரையில் வளர்ந்த பையன், பெரிய பந்தயம் வந்தால் பழக்கமில்லாத தரையில் நின்று திகைத்தான்.

மட்டையும் மாறியது. 1990-ம் ஆண்டுகளுக்குப் பிறகு கண்ணாடி இழை, கார்பன் இழை மட்டைகள் வந்தன. அடி வலுவாக விழும், மட்டை எளிதில் உடையாது. விலை மட்டும் உயர்ந்தது. உயர்ந்த ரக மட்டை பல ஆயிரம் ரூபாய். உள்ளூர்த் தச்சரின் முசுக்கொட்டை மட்டை பின்னுக்குப் போனது.

ஆனால் புதியது எல்லாம் தீமை என்று சொல்லலாமா? கூடாது. பழைய பந்து தக்கையும் நூலும் சுற்றித் தோல் போர்த்தியது. மழையில் நனைந்தால் கனத்துப் போகும். இப்போதைய பிளாஸ்டிக் பந்துக்கு அந்தக் குறை இல்லை. கோல் காப்பவருக்குத் தலைக்கவசமும் நல்ல காப்பு உறைகளும் வந்தன. பிள்ளையை அனுப்பத் தாய்மாருக்குப் பயம் குறைந்தது. நல்ல கருவி வந்தது நல்லதுதான். அது எட்டாத உயரத்தில் இருந்ததுதான் குறை.

கடைசி நாட்கள்

ஓய்வு பெற்ற பின் தியான் சந்த் ஜான்சியில் எளிமையாக வாழ்ந்தார். பணக் கஷ்டம் இருந்தது. உலகமே கொண்டாடிய வீரரைச் சொந்த நாடு மெல்ல மறந்து கொண்டிருந்தது. இந்திய ஆக்கியின் சரிவும் அவர் மனத்தை வாட்டியது.

1979-ம் ஆண்டு டிசம்பர் 3-ந் தேதி, கல்லீரல் புற்றுநோயால் டில்லியில் அவர் காலமானார். ஜான்சிக்குக் கொண்டு வரப்பட்ட உடல், அவர் ஆடி வளர்ந்த மைதானத்திலேயே எரியூட்டப்பட்டது. மண்ணில் ஆடியவர் அந்த மண்ணிலேயே கலந்தார்.

அடுத்த ஆண்டு மாஸ்கோ ஒலிம்பிக்கில் இந்தியா மீண்டும் தங்கம் வென்றது. தலைவர், தமிழகத்தைச் சேர்ந்த வாசுதேவன் பாஸ்கரன். அதைப் பார்க்கத் தியான் சந்த் இல்லை. மேலும், பல நாடுகள் அந்தப் பந்தயத்துக்கு வரவில்லை. அதன் பிறகு அடுத்த ஒலிம்பிக் பதக்கத்துக்கு இந்தியா 41 ஆண்டுகள் காத்திருந்தது. 2021-ம் ஆண்டு டோக்கியோவிலும், 2024-ம் ஆண்டு பாரிசிலும் வெண்கலம் கிடைத்தது.

இந்த மாற்றம் எப்படி வந்தது? தரை பையன்களைத் தேடி வந்ததும் ஒரு காரணம். ஒடிசாவில் சுந்தர்கர் என்ற மாவட்டம். மூங்கில் மட்டையால் பிள்ளைகள் ஆக்கி ஆடும் ஊர்கள் அங்கே உண்டு. கிராமப் பந்தயத்தில் வென்றால் ஆட்டுக்கிடாய் பரிசு! அந்த மாவட்டத்தில் வட்டாரம்தோறும் செயற்கைத் தரை அமைக்க அரசு முனைந்தது. மூங்கில் மட்டை பிடித்த கைகள் இந்திய அணிக்கே வந்து சேர்ந்தன.

கரிசல் மண்ணில்

நம் பக்கத்திலும் அப்படி ஓர் ஊர் இருக்கிறது. சங்கரன்கோவிலிலிருந்து கிழக்கே, கழுகுமலை வழியாகப் போனால் கோவில்பட்டி. கடலை மிட்டாய்க்கும் தீப்பெட்டிக்கும் மட்டுமல்ல, ஆக்கிக்கும் அந்த ஊர் பேர் பெற்றது. பல பத்தாண்டுகளாக அங்கே மண் தரையில் ஆக்கி ஆடி வருகிறார்கள். பின்னர் அங்கே அரசின் ஆக்கி விடுதி வந்தது. செயற்கைத் தரையும் வந்தது. 2022-ம் ஆண்டு ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பை ஆடிய இந்திய அணியில் இருந்த மாரீஸ்வரன் சக்திவேல், கார்த்தி செல்வம் இருவரும் கோவில்பட்டியில் பயிற்சி பெற்றவர்கள்.

ஆனால் இது வானம் பார்த்த கரிசல் பூமி. பயிருக்கே தண்ணீர் தட்டுப்பாடான ஊரில் மைதானத்தை நனைப்பது சின்னக் காரியமா? உலக ஆக்கிக் கழகமும் இதை உணர்ந்து, குறைந்த தண்ணீரில் ஆடக்கூடிய தரைகளைக் கொண்டு வர முயன்று வருகிறது. பாரிஸ் ஒலிம்பிக் தரைக்கு முந்தைய தரைகளைவிடக் குறைந்த தண்ணீரே செலவாயிற்று. தண்ணீரே வேண்டாத நல்ல தரை வந்தால், முதலில் நன்மை அடைவது நம்மைப் போன்ற வறண்ட சீமைதான்.

எல்லாப் பிள்ளைகளும் ஒலிம்பிக் போகப் போவதில்லை. மாலையில் ஒரு மணி நேரம் ஆடி, வியர்த்து, சிரித்து வீடு திரும்பும் பிள்ளைகளே அதிகம். ஆட்டத்துக்கு ஆணிவேர் அவர்கள்தான். அவர்களுக்குக் கார்பன் மட்டை தேவையில்லை. ஒரு சாதாரண மட்டையும், பள்ளிக்கூடத்துத் தரையும், சொல்லித் தர ஓர் ஆசிரியரும் போதும். அவர்களில் கை தேர்ந்தவனுக்கு அடுத்த படியாகச் செயற்கைத் தரை திறந்திருக்க வேண்டும். தியான் சந்துக்கு ஒரு பாலே திவாரி கிடைத்தார். அதுபோல ஒவ்வொரு பள்ளிக்கும் ஒருவர் கிடைக்க வேண்டும்.

தியான் சந்த் பிறந்த ஆகஸ்டு 29-ந் தேதி தேசிய விளையாட்டு தினம். நாட்டின் உயர்ந்த விளையாட்டு விருதுக்கு 2021-ம் ஆண்டு முதல் அவர் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. டில்லியின் தேசிய மைதானமும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. பள்ளிகளில் அவர் படத்துக்கு மாலை போடுகிறார்கள். நல்லது.

அன்று மாலையோடு சேர்த்து, ஓர் ஏழை வீட்டுப் பிள்ளையின் கையில் ஒரு மட்டையையும் கொடுத்தால் இன்னும் நல்லது. மரக்கிளையை மட்டையாக்கி ஆடத் தொடங்கிய அந்த மன்னருக்கு அதைவிடப் பெரிய மரியாதை வேறு என்ன இருக்க முடியும்?